துனமேஸ் கோட்டை: முட்டிவலி உள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி: தம்பி டப்ளினில் இருக்கிறான். செப்டம்பரில் அம்மா (வயது 70), மனைவி, ஒன்பது வயது மகனோடு அங்கே போகிறோம். அயர்லாந்தின் லீஷ் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) பாறை மேல் இருக்கும் துனமேஸ் கோட்டையைப் பார்க்க மகனுக்கு ஆசை. அம்மாவுக்கு முட்டிவலி. அழைத்துப் போகலாமா, வீட்டில் விட்டுவிடலாமா?

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் உச்சிவரை ஏற்றியே தீரவேண்டும் என்று நினைக்காதீர்கள். சுற்றியுள்ள சமவெளியிலிருந்து பாறையின் உயரம் சுமார் 45 மீட்டர்தான். அடிவாரத்தில் உள்ள சர்ச் வரை கார் போய்விடும், நுழைவுக் கட்டணமும் கிடையாது. சிக்கல் உயரத்தில் இல்லை, தரையில்தான். உச்சிவரை சீரான படிக்கட்டு இல்லை. புல்சரிவு, மேடு பள்ளம், நடுவே துருத்திக்கொண்டிருக்கும் சுண்ணாம்புப் பாறை. மழை பெய்தால் அந்தப் பாறை நன்றாக வழுக்கும். எனவே முந்தின நாள் இரவு மழை பெய்திருந்தால் காலையில் கிளம்பாமல் மதியத்துக்கு மேல் போங்கள். செப்டம்பர் நடுவில் இருட்ட ஏழரை மணிக்கு மேல் ஆகும், அவசரமில்லை.

அம்மா வெளிவாசல் வரை மெதுவாக ஏறினால் போதும். என்னைக் கேட்டால் அங்கே பார்க்கக் கிடைப்பதே நிறைய. மதிலில் உள்ள அம்புத்துளைகளை மகனுக்குக் காட்டுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கீற்று. உள்பக்கம் போனால், வில்லோடு ஒருவர் நின்று இடமும் வலமும் குறிபார்க்கத் தோதாகச் சுவர் அகன்று விரியும். ஒரு மடக்கு நாற்காலி கொண்டுபோனால், நீங்கள் மூவரும் மேலே போய்வரும் வரை அம்மா புல்வெளியில் உட்கார்ந்திருக்கலாம். துணைக்குத் தம்பியும் இருந்தால் இன்னும் நல்லது.

உச்சியில் பெரிய மண்டபத்தின் சுவர்கள் நிற்கின்றன. தெளிவான நாளில் ஸ்லீவ் ப்ளூம் மலைத்தொடர் வரை தெரியும். பையனை மட்டும் கையைப் பிடிக்காமல் ஓட விடாதீர்கள். விளிம்பில் எல்லா இடத்திலும் வேலி இல்லை, காற்றும் பலமாக வீசும். சுவர்மேல் ஏறவும் கூடாது.

போகும் வழியில் அவனுக்குக் கொஞ்சம் கதை சொல்லி வையுங்கள். அயர்லாந்தின் கிழக்குப் பகுதியான லென்ஸ்டரின் அரசர் டெர்மட் மக்முரோ, 1166இல் நாட்டைவிட்டு விரட்டப்பட்டபின் நார்மன் படையைத் துணைக்கு அழைத்தார். படைத்தலைவர் ஸ்ட்ராங்போ 1170இல் அரசரின் மகள் ஈஃபாவை மணந்தார். துனமேஸ் சீதனமாகப் போனது என்பார்கள். அவர்கள் மகள் இசபெல்லை மணந்த வில்லியம் மார்ஷல் கைக்கு அப்புறம் வந்தது. மார்ஷலின் மகன்கள் ஐந்து பேரும் வாரிசின்றி இறந்துபோக, சொத்து மகள்கள் வழியில் பிரிந்தது. கோட்டையை ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல்லின் படைதான் 1650களில் இடித்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்னூறு ஆண்டுகள் முன்பே அது பாழடையத் தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டப்ளினிலிருந்து எம்7 சாலையில் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கார் இல்லையென்றால் டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்தில், கோட்டைக்குப் பக்கத்து ஊரான போர்ட்லீஷுக்கு ரயில் ஏறுங்கள். அங்கிருந்து ஸ்ட்ராட்பல்லி சாலையில் சுமார் 6 கிலோமீட்டர். டாக்ஸி வைத்துக்கொண்டு, திரும்பி வரவும் அப்போதே பேசிவிடுங்கள், ஏனென்றால் அடிவாரத்தில் நின்று கைகாட்டினால் வண்டி கிடைக்காது. கோட்டையில் கழிவறை, கடை எதுவும் இல்லை. போர்ட்லீஷிலேயே எல்லாம் முடித்துக்கொண்டு, தண்ணீரும் தின்பண்டமும் கையோடு எடுத்துப் போங்கள்.

அன்றே இன்னொரு பாறைமேல் உள்ள பழைய தேவாலயக் கட்டடங்களான ராக் ஆஃப் காஷலையும் பார்த்துவிடலாம் என்று பலர் திட்டம் போடுவார்கள். அம்மாவோடு போகும்போது அது வேண்டாம், அங்கேயும் ஏற்றம்தான். பக்கத்தில் எமோ கோர்ட் இருக்கிறது. டப்ளின் கஸ்டம் ஹவுஸைக் கட்டிய ஜேம்ஸ் காண்டன் வடிவமைத்த மாளிகை. தோட்டத்தில் நடக்கச் சமமான பாதைகள் உண்டு, மதியத்துக்கு மேல் அங்கே போனால் அம்மாவும் உங்களோடு சேர்ந்து நடக்கலாம்.