அந்த எண் எதை அளக்கிறது?

அன்புள்ள ஐயா,

ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே நாணயம். ஆனால் ஒரு பகுதித் தொழிலாளி ஒரு மணி நேரத்தில் உருவாக்கும் மதிப்பு, இன்னொரு பகுதித் தொழிலாளியுடையதைவிட எவ்வளவோ அதிகம். சூழல், வரலாறு என்று நீங்கள் பூசி மெழுகினாலும், பின்தங்கிய பகுதிக்காரர்களுக்கு உழைக்க மனமில்லை என்பதுதானே உண்மை? உற்பத்திக்கேற்ற கூலி என்று வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

எஸ். கே.

அன்புள்ள எஸ். கே.,

பலரும் மனதுக்குள் வைத்திருப்பதை எழுதியே விட்டீர்கள். ஆனால் நீங்கள் காட்டும் எண், உழைக்கும் மனதை அளப்பதே இல்லை.

ஒரு பகுதியில் உருவான மதிப்பைப் பணமாகக் கணக்கிட்டு, அங்கே வேலை நடந்த மொத்த மணி நேரத்தால் வகுத்து, அதை உற்பத்தித்திறன் என்கிறார்கள், அவ்வளவுதான். முடிதிருத்துபவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதே கத்தரிக்கோல், அதே அரை மணி நேரம். தலைநகரில் கட்டணம் இரண்டு மடங்கு. ஊருக்கு ஊர் மாறும் விலைவாசியைப் பெரும்பாலான கணக்குகள் கழிப்பதில்லை. ஆகவே தலைநகர்க்காரர் தாளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைப்பாளி ஆகிவிடுகிறார்.

நெதர்லாந்தின் குரோனிங்கன் மாகாணம் இன்னும் வேடிக்கை. 1959இல் அங்கே பிரம்மாண்டமான இயற்கை எரிவாயு வயலைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் பல ஆண்டுகள் தலைக்கு எவ்வளவு உற்பத்தி என்ற பட்டியலில் அந்த மாகாணம் மேலே நின்றது. மக்கள் கைக்கு வந்த வருமானமோ நாட்டின் சராசரியைவிடக் குறைவு. பணம் அரசுக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் போனது. ஊர்க்காரர்களுக்கு மிஞ்சியது நிலநடுக்கமும் விரிசல் விட்ட சுவர்களும். எரிவாயு எடுப்பதைக் குறைக்கத் தொடங்கியதும் மாகாணத்தின் எண்ணும் இறங்கியது. அவர்கள் திடீரென்று சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்பீர்களா?

சரி, கணக்கின் கோளாறையெல்லாம் கழித்தாலும் இடைவெளி மிஞ்சத்தான் செய்கிறது. கிழக்கு ஜெர்மனியைப் பாருங்கள். 1990 ஜூலை 1 அன்று கூலிகள் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மேற்கு ஜெர்மனியின் நாணயமான மார்க்குக்கு மாறின. உற்பத்தித்திறன் முதல் சில ஆண்டுகள் விறுவிறுவென்று ஏறியது, பிறகு நடை தளர்ந்தது. இன்றும் மேற்கைத் தொடவில்லை. சட்டம் வந்தது, சாலை வந்தது, புது இயந்திரம் வந்தது. வராதவை பெரிய நிறுவனங்களின் தலைமையகங்கள். வடிவமைப்பதும் ஆராய்ச்சி செய்வதும் விலை வைப்பதும் பெரும்பாலும் மேற்கில். கிழக்குக்குக் கிடைத்தவை அதிகமும் கிளைத் தொழிற்சாலைகள். கிளையில் எவ்வளவு மாடாய் உழைத்தாலும் மதிப்பின் கொழுத்த பகுதி வேறிடத்தில் பதிவாகிறது.

ஆட்களிடமும் வேறுபாடு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். படித்தவர்கள் பெருநகரத்தில் போய்க் குவிகிறார்கள். ஆனால் போன இடமும் ஆளை மாற்றுகிறது. ஸ்பெயினில் மாட்ரிட், பார்சலோனாவில் வேலை பார்த்த அனுபவம், அங்கிருந்து சிறு நகரத்துக்குப் போன பிறகும் கூடுதல் ஊதியம் பெற்றுத் தருவதாக ஆய்வில் தெரிந்தது. நல்ல நிறுவனமும் தேர்ந்த சகாக்களும் கற்றுக்கொடுத்தது அது. பிறவிச் சுறுசுறுப்பு என்றால் ஊரிலேயே தெரிந்திருக்க வேண்டுமே.

கூலி விஷயத்தில் உங்களை அப்படியே தள்ளிவிட மாட்டேன். இத்தாலியில் வடக்குக்கும் தெற்குக்கும் ஒரே தேசியக் கூலி ஒப்பந்தம். தெற்கில் வேலை கிடைத்தவர் வசதியாகவே இருக்கிறார், ஏனென்றால் அங்கே வாடகை குறைவு. கிடைக்காதவர்கள்தான் பாவம், வேலையின்மை வடக்கைவிடப் பல மடங்கு, கணக்கில் வராத வேலையும் ஏராளம். பகுதிக்கேற்பக் கூலி சற்று நெகிழ்ந்தால் சிலருக்குக் கதவு திறக்கும் என்றே நினைக்கிறேன். எல்லாம் சரியாகிவிடும் என்பதைத்தான் நம்பவில்லை. இத்தாலியிலேயே பகுதிவாரிக் கூலி இருந்தது. அதைக் கைவிட 1969இல்தான் ஒப்புக்கொண்டார்கள். தெற்குக்கு மலிவுக் கூலி இருந்த அந்தக் காலத்தில்தான் லட்சக்கணக்கான தென் இத்தாலியர் மிலானுக்கும் டூரினுக்கும் ரயில் ஏறினார்கள். உழைக்க மனமில்லாதவர்கள் என்று நீங்கள் சொல்லும் அதே ஆட்கள், அங்கே கார் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்த்தார்கள்.