சாவியை வாங்கிவிட்டேன், ஓட்டத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

எனக்கு 27 வயது. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், வேலை பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில். மூன்று வருஷத்துக்கு முன் டிரைவிங் ஸ்கூலின் பழைய ஆல்ட்டோவில் கற்று லைசென்ஸ் வாங்கினேன். அதன் பிறகு ஓட்டியதெல்லாம் வாடகை ஆட்டோமேட்டிக் கார்கள்தான். இங்கேயே இருக்கும் அத்தான் (அக்கா வீட்டுக்காரர்) இரண்டு வாரம் வெளிநாடு போயிருக்கிறார். அவருடையது 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், 160 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். "சும்மா நின்னா பேட்டரி இறங்கிடும் மாப்ள, நீ எடுத்து ஓட்டு" என்றார். "அதுக்கென்ன அத்தான்" என்று சாவியை வாங்கிக்கொண்டேன். ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் சனிக்கிழமை விடியற்காலை நந்தி மலைக்கு நாள் குறித்துவிட்டார்கள். நேற்று பார்க்கிங்கில் எடுத்துப் பார்த்தேன். மூன்று தடவை ஆஃப் ஆனது. நாலாவது தடவை குதித்து, தூணுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ராத்திரி தூக்கமே இல்லை. இப்போது போய்த் தெரியாது என்றால் அக்கா வீட்டில் மானம் போகும். என்ன செய்வது?

ஆலோசகர் பதில்:

தம்பி, சனிக்கிழமை அந்தக் காரை எடுக்காதீர்கள். தூக்கம் வராததைக் கோழைத்தனம் என்று எண்ண வேண்டாம். உங்கள் உடம்பு கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறது.

கியர் காருக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் நம் நாட்டில் ஒரே லைசென்ஸ். அதனால் ஓட்டுவதும் ஒன்றுதான் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். கிளட்ச் எங்கே பிடிக்கிறது, இப்போது எந்த கியர் என்று மனசு எண்ணிக்கொண்டிருக்கும்வரை, குறுக்கே வரும் பைக்கைக் கவனிக்க அதில் இடம் மிஞ்சாது. ஓட்டி ஓட்டிப் பழகினால்தான் அந்த வேலை காலுக்கு இறங்கும்.

தூணிடம் நடந்தது கிளட்சைச் சட்டென்று விட்டதன் விளைவு. எஞ்சின் அணைந்ததால் தப்பித்தீர்கள். ஆக்சிலரேட்டரில் கால் இருந்திருந்தால் அணைந்திருக்காது. டர்போ எஞ்சின் குறைந்த சுற்றில் மந்தமாக இருக்கும், பத்தவில்லை என்று இன்னும் மிதிப்பீர்கள், டர்போ அழுத்தம் ஏறியதும் மொத்த இழுவையும் ஒரே மூச்சில் வரும். ஆல்ட்டோவில் பழகிய கால் அதை எதிர்பார்க்காது.

இன்னொன்று, தப்பான கியர். நெடுஞ்சாலை வேகத்தில் ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கும்போது குச்சியை இடது பக்கம் அதிகமாக இழுத்தால் இரண்டில் விழும். கிளட்சை விட்டதும் சக்கரமே எஞ்சினை வெறி பிடித்தாற்போல் சுழற்றும். எஞ்சின் சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும், சக்கரத்தை அல்ல. வால்வு போய் பிஸ்டனில் இடித்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான்.

நந்தியில் விடுமுறை நாள் விடியலில் ஏற்றத்திலேயே வண்டிகள் வரிசை கட்டும். அரைக் கிளட்சில் நிறுத்தி நிறுத்தி ஏறினால் கருகல் வாடை வரும், பிளேட் தேயும். தேய்மானத்துக்கு இன்சூரன்ஸ் தராது. இறக்கத்திலோ பயத்தில் கிளட்சை மிதித்தபடியே வருவார்கள். அது நியூட்ரலில் வருவதற்குச் சமம், பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். இரண்டாவது, மூன்றாவது கியரில் எஞ்சின் பிடித்திழுக்க இறங்க வேண்டும். எங்காவது இடித்தால், உரிமையாளர் சம்மதத்துடன் ஓட்டிய லைசென்ஸ்காரருக்கும் பாலிசி செல்லும். ஆனால் கிளெய்ம் போட்டால், 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கக்கூடிய அத்தானின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும்.

இன்றே சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, அத்தானுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். "அத்தான், எனக்குக் கியர் வண்டி இன்னும் கைக்கு வரல. சாவி அக்காகிட்ட இருக்கு. நீங்க வந்து பக்கத்துல உட்கார்ந்து சொல்லித்தாங்க." காரணம் அடுக்காதீர்கள், அடுக்க அடுக்கத்தான் வெட்கம் வளரும். நண்பர்களுக்கு ஆட்டோமேட்டிக் வாடகைக்கு எடுத்தால் போதும்.

பழகுவதை டிரைவிங் ஸ்கூலின் சின்னக் காரில் ஆரம்பியுங்கள். சமதளத்தில், முதல் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல விட்டு வண்டியை நகர்த்துங்கள், இருபது தடவையாவது. பிடிக்கும் இடம் காலுக்குத் தெரிந்த பிறகு ஏற்றத்துக்குப் போங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, கிளட்ச் பிடித்து முன்பக்கம் லேசாக எழும்பியதும் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, பிறகு ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். பதறினால் பிரேக், கிளட்ச் இரண்டையும் சேர்த்து மிதிக்க வேண்டும். இதற்கென்றே தனிப் பயிற்சி எடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் இடது காலுக்கு வேலையே இல்லாததால் அவசரத்தில் அது சும்மா இருந்துவிடும். அத்தான் வண்டிக்கு மாறும்போது ரிவர்ஸ் எங்கே என்று முதலில் கேளுங்கள். பல ஆறு கியர் கார்களில் அது முதல் கியருக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

அப்புறம், நல்ல பேட்டரி இரண்டு வாரம் நின்றால் இறங்காது. அது அத்தானுக்கும் தெரிந்திருக்கும். உங்களுக்கு ஓட்டக் கொடுக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது அவருக்கு.