பேரிடருக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் எந்த வகையில் உதவுகின்றன?

உணவும் உடையும் வழங்குவதற்கு மேல் தொண்டு நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கிய நாகப்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். முதல் சில நாள்களில் சோறும் குடிநீரும் மருந்தும் உயிர் காத்தன. ஆனால் வெளியூர்களிலிருந்து வந்து குவிந்த பழந்துணிகள், உடுத்துவார் இன்றிச் சாலையோரங்களில் கிடந்தன. எந்த ஊருக்கு எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று கணக்கு வைக்க, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் நாகப்பட்டினத் தொண்டு நிறுவனமான சிநேகாவும் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை நடத்தியதையே நான் மிகப் பெரிய உதவியாகக் கருதுகிறேன். உடைந்த படகுகளையும் உப்புநீர் புகுந்த எஞ்சின்களையும் அக்கூட்டமைப்பு பழுதுபார்த்துக் கொடுத்ததால், மீனவர்கள் நிவாரண வரிசையை விட்டுத் தொழிலுக்குத் திரும்ப முடிந்தது. படகு இல்லாத விவசாயக் கூலிகளும் தலித் குடும்பங்களும் தொடக்கத்தில் உதவிப் பட்டியல்களில் விடுபட்டது வேதனைக்குரியது. அவர்களுக்காகவும் சில அமைப்புகள் குரல் கொடுத்தன. கடல்நீர் ஏறிய வயல்களில், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் அவரோடு நின்ற இயற்கை விவசாயிகளும் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை விதைக்கச் செய்து, அது பூவெடுக்கும் பருவத்தில் மடக்கி உழுது, உப்புப் பாரித்த மண்ணை மீண்டும் நெல்லுக்குப் பக்குவப்படுத்தினார்கள்.