சூப்பர்மேன் யூதரா? பெயரை விடுங்கள், பென் கிரிம்மைப் பிடியுங்கள்

வணக்கம் நண்பரே. "சூப்பர்மேன் யூதர்தான் என்று ஆய்வுக் கட்டுரையில் எழுதினேன், கால்-எல் என்ற அவருடைய பிறப்புப் பெயர் ஆதாரமாகாது என்று வழிகாட்டி திருப்பிவிட்டார்" என்கிறீர்கள். அவர் சொல்வது நியாயம்தான். சூப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் யூத வீட்டுப் பிள்ளைகள், சரி. ஆனால் அவர்கள் முதலில் வைத்த பெயர் 'எல்' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தில் முடிந்தது. கடவுளைக் குறிக்கும் எபிரேயச் சொல்லை நினைவூட்டும் எழுத்துக்கூட்டல் பிறகுதான் வந்தது. விண்கலத்தில் அனுப்பப்பட்ட குழந்தை சூப்பர்மேனுக்கு இணையாகச் சொல்லப்படும், கூடையில் மிதந்த பைபிள் குழந்தை மோசேயின் கதையையும் ஒப்புமை என்ற அளவிலேயே சொல்லுங்கள்.

ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸ் கதைகளின் கல்லுடம்பு நாயகன் பென் கிரிம் இதைவிட உறுதியான ஆதாரம். அவனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜேக் கிர்பியின் இயற்பெயர் ஜேகப் கர்ட்ஸ்பெர்க். நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், யூதக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களில் வளர்ந்தவர். கதையில் பென் வளர்ந்த யான்ஸி தெரு அங்குள்ள டிலான்ஸி தெருவின் சாயல். 1961இல் அறிமுகமான பென் யூதன் என்று கதையே வெளிப்படையாகச் சொன்னது 2002இல். அதில் 'ஷெமா' என்ற யூத ஜெபமும் சொல்கிறான். நாற்பது ஆண்டுகள் பேச்சிலும் தெருவிலும் ஒளிந்திருந்த அடையாளம்! (கல்லுடம்பைப் பார்த்தால் எனக்கு யூதக் கதைகளில் உயிர்பெறும் களிமண் உருவமான கோலெம்தான் ஞாபகம் வரும். அதைக் கட்டுரையில் சேர்க்காதீர்கள், மறுபடியும் திருப்பிவிடுவார்.)

தலைப்பில் 'யூதர்' என்பதை 'யூதக் குறிப்புகள்' என்று மாற்றிவிட்டு அனுப்புங்கள்.