பழைய மோடம் வாங்கப் போகிறீர்களா?

வீட்டுக் கணினியில் புல்லட்டின் போர்டு (செய்தி போட்டுப் படிக்கும் மின்பலகை) நிறுவி, நண்பர்களைத் தொலைபேசி லைனில் டயல் செய்து உள்ளே வரவைக்கும் பழைய பொழுதுபோக்கு நம் பக்கத்திலும் சிலரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த வாரக் கடிதங்கள் எல்லாமே அதற்கு வேண்டிய மோடம், அதாவது கணினியைத் தொலைபேசி லைனோடு இணைக்கும் கருவி, பற்றியவை.

காட்பாடி: எனக்கும் நண்பருக்கும் 56கே (நொடிக்கு 56,000 பிட்) மோடம் ஒவ்வொன்று வாங்கினேன். வேகம் 31,200-ஐத் தாண்டவில்லை. லைன் கோளாறு என்கிறார் கடைக்காரர்.

லைனைத் திட்டாதீர்கள். இரு முனையிலும் வீட்டு லேண்ட்லைன் என்றால் 33,600-தான் உச்சம். அந்த 56 கிடைக்க, பதிலளிக்கும் முனை தொலைபேசி எக்ஸ்சேஞ்சோடு டிஜிட்டலாக இணைந்திருக்க வேண்டும். இணைய நிறுவனங்கள் அப்படித்தான் வைத்திருந்தன. அப்போதும் வரும் திசையில் மட்டும்தான் அந்த வேகம். வீட்டு லைனிலோ, எக்ஸ்சேஞ்ச் ஒலியை எண்களாக மாற்றும் இடத்திலேயே இரைச்சல் சேர்ந்துவிடுகிறது. பெட்டியின் முகத்தில் உள்ளங்கை அளவுக்கு 56 என்று அச்சடித்துவிட்டு, நிபந்தனையை எறும்பு எழுத்தில் அடியில் போட்டவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அந்த எண்ணைக் காட்டி இன்றைக்கும் கூடுதல் விலை கேட்கிறார்கள். 1978-இல் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூயஸும் சிகாகோவில் முதல் புல்லட்டின் போர்டைத் திறந்தபோது இருந்தது 300 பிட் மோடம். நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்து. உங்கள் 31,200 தாராளம். இனி வாங்கினால் 33.6 மோடத்தைக் கேளுங்கள், விலையும் குறையும்.

குடியாத்தம்: கணினிக்குள் செருகும் மோடம் கார்டு மலிவாகக் கிடைத்தது. என் லினக்ஸ் கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அது வின்மோடம். பாதி வேலையை விண்டோஸ் டிரைவர் தலையில் கட்டிவிடும் சரக்கு. ஆரணிக்குப் போனால் முந்தானையைப் பிரித்து, ஜரிகையை விரலால் தேய்த்துப் பார்க்காமல் பணத்தை எடுப்பீர்களா? கார்டில் உள்ள சிப்பின் எண்ணைத் தேட இரண்டு நிமிடம் போதும். என் பரணிலும் இப்படி இரண்டு கிடக்கின்றன. வேண்டுமானால் இலவசமாகவே தருகிறேன். வெளியே வைக்கும் சீரியல் மோடம் வாங்குங்கள்.

ராணிப்பேட்டை: அடாப்டர் இல்லாமல் மோடம் வந்தது. ரூட்டர் அடாப்டரின் முனை பொருந்துகிறது. போடலாமா?

கூடாது. பழைய மோடங்கள் பலவற்றுக்கு 9 வோல்ட் ஏசி வேண்டும்; ரூட்டருக்கு உரியது டிசி. மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்தீர்களா?

ஆரணி: ‘சோதித்தது, வேலை செய்யும்’ என்ற விளம்பரத்தை நம்பி ஆன்லைன் கடையில் வாங்கினேன். விளக்கு எரிகிறது, மோடத்தைச் சோதிக்கும் ‘ஏடி’ (AT) கட்டளையைத் தட்டினால் ‘ஓகே’ என்ற பதில் இல்லை. பழைய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். என்னைப் போன்றவருக்கு இது பெரிய தொகை.

வருத்தமாக இருக்கிறது. முதலில் கேபிளைப் பாருங்கள். அது ‘நல்’ (null) மோடம் கேபிள், அதாவது இரண்டு கணினிகளை நேராக இணைக்கும் கேபிள், என்றால் எந்த மோடமும் பேசாது. நேர் கேபிள் வேண்டும். அதிலும் ‘ஓகே’ வராவிட்டால் விடாதீர்கள். வேலை செய்யும் என்று சொல்லி விற்ற பிறகு, பழசு என்ற சாக்கு எடுபடாது. விளம்பரம், ரசீது, அவர்கள் அனுப்பிய பதில் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

சத்துவாச்சாரி: எங்கள் லேண்ட்லைன் ஃபைபருக்கு மாறிவிட்டது. மோடம் ஓடுமா?

குரலைச் சுருக்காமல் ஜி.711 முறையில் அனுப்பினால் ஓடலாம். வேகத்தை 9,600 அல்லது 2,400-இல் நிறுத்திப் பாருங்கள். சுருக்கி அனுப்பினால் ஓடாது. இரவல் மோடத்தில் சோதித்த பிறகு காசு செலவழியுங்கள். கால் வெயிட்டிங்கை எடுத்துவிடுங்கள். அந்த ‘பீப்’ ஒன்றே இணைப்பைத் துண்டித்துவிடும்.

வாலாஜாபேட்டை: மணி அடிக்கிறது, மோடம் எடுப்பதில்லை. புதிதாக வாங்கவா?

வேண்டாம். மோடத்துக்கு ஏடிஎஸ்0=1 (ATS0=1) என்ற கட்டளையைக் கொடுங்கள், முதல் மணிக்கே எடுக்கும்.

ஆம்பூர்: முன்பணம் அனுப்பினால்தான் மோடத்தின் படம் அனுப்புவேன் என்கிறார் விற்பவர்.

அனுப்பாதீர்கள்.