இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும் மின்வளங்களுக்குப் பல்கலைக்கழக நூலகம் எதற்கு? வெளியாட்களும் பயன்படுத்தலாமா?

தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்தில், மின்வளப் பிரிவில் (மின்நூல், மின்னிதழ், ஆய்வேடு போன்றவை) வேலை பார்க்கிறேன். இரண்டு கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் எது இலவசம் என்று பிரித்துக்கொள்வோம். வளாக வைஃபையில் ஒரு ஆய்விதழ் தடையில்லாமல் திறந்தால், அது எல்லாருக்கும் இலவசம் என்றே பெரும்பாலான மாணவர்கள் நினைக்கிறார்கள். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். கட்டுரை வந்தால் நிஜமாகவே இலவசம். பணம் கேட்டால் அது ரேஷன் அரிசி மாதிரி: நீங்கள் காசு கொடுக்கவில்லை, ஆனால் அட்டை இல்லாதவருக்குக் கிடையாது. இங்கே வளாகத்தின் ஐபி முகவரிதான் (இணையத்தில் அந்த வளாகத்தை அடையாளம் காட்டும் எண்) அட்டை.

இந்த இரண்டாம் வகையில் இப்போது பெரியது, ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி, 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். குஜராத்தின் காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும்தான் இது. சுயநிதிக் கல்லூரியில் படிப்பவருக்கு எட்டாது. எங்கள் மாவட்டத்தில் மாணவர் கூட்டம் அதிகம் இருப்பதே அங்கேதான் என்பதால் எனக்கு இதில் வருத்தம் உண்டு.

சரி, மொபைல் டேட்டாவிலும் திறக்கும் வளங்களுக்கு நூலகம் என்ன செய்கிறது? உண்மையைச் சொன்னால், பல நூலகங்கள் ஒன்றும் செய்வதில்லை. இணையதளத்தில் ‘பயனுள்ள இணைப்புகள்’ என்று ஒரு பக்கம் இருக்கும். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வருவதற்கு முந்தைய வாரம் தயாரித்தது. பாதி இணைப்பு செத்திருக்கும். அந்தப் பக்கம் வழியாக யாரும் எதையும் கண்டுபிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

உருப்படியான வழி, இலவச நூலையும் நூலகப் பட்டியலுக்குள்ளேயே கொண்டுவருவது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் எங்களிடம் ‘மார்க்’ வடிவத்தில் ஒரு பதிவு உண்டு. அதில் 856 என்றொரு புலம். இணைய முகவரி போடுவதற்காகவே உள்ள இடம். உதாரணமாக, உ.வே.சா. 1942இல் மறைந்தார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு கழிந்தால் போதும் என்பதால், 2003 முதல் அவர் எழுத்துகள் பொதுவுடைமை. எங்கள் அலமாரியில் அவருடைய பழைய பதிப்பு ஒன்றுக்கு ஒரே படிதான், அதுவும் அட்டை பிய்ந்து ‘இரவல் இல்லை’ முத்திரையோடு. அந்தப் பதிவின் 856இல் தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்தின் ஸ்கேன் முகவரியைச் சேர்த்துவிட்டால், ஓபேக்கில் (நூலகத்தின் இணையப் பட்டியல்) தேடுகிற மாணவிக்கு ‘இரவல் இல்லை’ என்ற வரிக்குக் கீழேயே இணைப்பு வந்துவிடும். அந்த மின்நூலகம் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அரசு நாட்டுடைமையாக்கிய ஆசிரியர்களின் நூல்களுக்கும் இப்படியே செய்கிறோம். தமிழ் இலக்கிய மின்நூல்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து வெளியீடுகளுக்கு 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையதளம் ஆகியவற்றுக்கும் தேவையைப் பார்த்து இணைப்புக் கொடுக்கிறோம்.

எல்லாவற்றையும் கையால் ஏற்ற முடியாது. ‘டிஓஏஜே’ என்ற திறந்த ஆய்விதழ்த் தொகுப்பு 2003இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் முந்நூறு இதழ்களோடு தொடங்கியது. இன்று இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. பணம் உள்ள நூலகங்கள் தேடல் மென்பொருளில் அந்தத் தொகுப்பை அப்படியே இயக்கிவிடும். நாங்கள் துறைகளைக் கேட்டு, வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கிறோம். பொறுக்குவதுதான் உண்மையான வேலை. காசு வாங்கிக்கொண்டு எதை வேண்டுமானாலும் போடும் போலி இதழ்களும் ‘இலவசமாகப் படிக்கலாம்’ என்றுதான் வருகின்றன. முன்பு, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஏற்றுக்கொண்ட இதழ்களின் ‘யுஜிசி-கேர்’ பட்டியலைக் காட்டித் தப்பித்தோம். 2025இல் யுஜிசி அதைக் கைவிட்டுவிட்டது. இப்போது ஆய்வு மாணவர்கள் நேராக எங்கள் மேசைக்கு வந்து “சார், இது ஒரிஜினலா?” என்கிறார்கள்.

நூலகம் வாங்கித் தருவது மட்டுமல்ல, உண்டாக்கியும் தருகிறது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இலவசமாகத் தரும் ஷோத்கங்கா தளத்தில் இருக்கும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் வானத்திலிருந்து விழவில்லை. 2009 யுஜிசி விதிமுறை மின்படியைக் கட்டாயமாக்கிய பிறகு, ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலிருந்தும் ஏற்றி வருகிறார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த வேலை நூலகத்துடையது. ஒரே பிடிஎஃப் ஆக இல்லாமல் இயல் இயலாகப் பிரிந்து கிடக்கிறதே என்று எல்லாரும் எங்களைத் திட்டுவார்கள். அமைப்பு அப்படி. ஒரு வழி சொல்கிறேன்: கோப்புகளின் கடைசியில் 80 என்ற எண்ணோடு ‘ரெகமண்டேஷன்’ என்று ஒன்று இருக்கும். தலைப்புப் பக்கமும் முடிவுரையும் பெரும்பாலும் அதில் இருக்கும். முதலில் அதைத் திறந்து பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் மற்றதை இறக்குங்கள். தமிழ்த்துறை ஆய்வேடுகளைத் தேடும்போது தமிழில் மட்டும் தட்டச்சு செய்து ஓய்ந்துவிடாதீர்கள். பல தலைப்புகளை ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கிறார்கள், அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். சிலப்பதிகாரத்துக்கு ஆங்கில ‘எஸ்’ போட்டும் ஆங்கில ‘சி’ போட்டும் தேட வேண்டியிருக்கும். பல்கலைக்கழகம், துறை என்று படிப்படியாக இறங்கிப் பட்டியலை மேய்வது சில சமயம் இதைவிடச் சீக்கிரம்.

இனி வெளியாட்கள். ஓபேக்கைத் திறந்து வைத்திருக்கும் பல்கலைக்கழகம் என்றால் யாரும் தேடலாம், கடவுச்சொல் தேவையில்லை. அதில் உள்ள இலவச இணைப்புகள் உங்களுக்கும் திறக்கும். சந்தா இதழ்கள் வீட்டிலிருந்து திறக்காது. ஆனால் பல பதிப்பகங்களின் ஒப்பந்தம், நூலகத்துக்கு நேரில் வருபவர் அங்குள்ள கணினியில் படிப்பதை அனுமதிக்கிறது. வாசலில் செக்யூரிட்டி அண்ணன் அனுமதிக்கிறாரா என்பது வேறு ஒப்பந்தம். அடையாள அட்டையும், கல்லூரி முதல்வரிடமிருந்தோ நெறியாளரிடமிருந்தோ ஒரு கடிதமும் கொண்டு போனால் பெரும்பாலும் விடுவார்கள்.

குறிப்பிட்ட ஒரு கட்டுரைதான் வேண்டும் என்றால், ‘அன்பேவால்’ என்ற நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) உலாவியில் போட்டுக்கொள்ளுங்கள். பணம் கேட்கும் பக்கத்தில் நிற்கும்போதே, சட்டப்படியான இலவசப் படி வேறெங்காவது இருந்தால் ஓரத்தில் பச்சைப் பூட்டு திறந்து காட்டும். பூட்டு சாம்பல் நிறமாகவே இருந்தால், கட்டுரையின் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாள எண்) உங்கள் கல்லூரி நூலகருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். ‘நானோ டெக்னாலஜி பற்றி ஏதாவது’ என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. டிஓஐ இருந்தால், அவர் எங்களைப் போல ஒருவரைக் கேட்டு வாங்கித் தர முடிகிறதா என்று பார்ப்பார். அதுவும் நடக்கவில்லை என்றால் கட்டுரையாசிரியருக்கே எழுதுங்கள். அவர் மின்னஞ்சல் முகவரி பெரும்பாலும் கட்டுரைச் சுருக்கம் உள்ள பக்கத்திலேயே இருக்கும், அதைப் படிக்கக் காசு கேட்க மாட்டார்கள்.