ஒரே கோலில் ட்ராலிங்கும் உயிர் இரையும்

கேள்வி: சிறிய படகில் ட்ராலிங் செய்கிறேன், சில நாள் படகை நிறுத்தி, உயிர் மீனை இரையாக விட்டும் பிடிக்கிறேன். இரண்டுக்கும் ஒரே தூண்டில் கோல் போதுமா? கடையில் ஐந்தரை அடியில் ஒரு தடித்த கோலைக் காட்டுகிறார்கள்.

பதில்: போதும், ஆனால் அந்தக் கோல் வேண்டாம். அது ட்ராலிங்குக்கு மட்டுமே பொருந்தும். (ட்ராலிங் என்றதும் சிலர் இழுவலையை நினைத்துக்கொள்கிறார்கள், இங்கே பேசுவது ஓடும் படகின் பின்னால் தூண்டில் இரையை இழுத்துச் செல்வதைப் பற்றி.)

ட்ராலிங்கில் கோல் பெரும்பாலும் படகில் பொருத்திய தாங்கியில்தான் நிற்கும். மீன் அடிக்கும் வேகத்தோடு படகின் வேகமும் சேர்ந்து விழும் அதிர்ச்சியைத் தாங்க அடிப்பகுதி வலுவாக இருக்க வேண்டும். உயிர் இரைக்கோ நுனிதான் முக்கியம். முள்ளில் கோத்த மத்தி, பெரிய மீன் நெருங்கியதும் மிரண்டு துடிப்பதை நுனியின் படபடப்பே உங்களுக்குச் சொல்லும். அதே நுனி விறைப்பாக இருந்தால், அலையில் படகு ஆடும் ஒவ்வொரு முறையும் இரை வெட்டி இழுக்கப்பட்டு விரைவில் செத்துவிடும். சற்று இளகிய கோலை ட்ராலிங் பொறுத்துக்கொள்ளும், விறைத்த கோலை உயிர் இரை பொறுத்துக்கொள்ளாது என்பதால், சமரசம் செய்யும்போது உயிர் இரையின் பக்கமே சாய்வேன்.

ஆகவே ஆறரை முதல் ஏழு அடி நீளத்தில், 9 முதல் 18 கிலோ வரை இழுவை தாங்கும் நரம்புக்கு (தூண்டில் கயிற்றுக்கு) என்று குறிக்கப்பட்ட, மெதுவாக வளையும் கோலைத் தேடுங்கள். கண்ணாடி இழையும் கிராஃபைட்டும் கலந்து செய்தது நல்லது. வெறும் கிராஃபைட் எடை குறைவுதான். ஆனால் படகின் விளிம்பில் தட்டி விழுந்த சிறு கீறல்கூட, பெரிய மீன் இழுக்கும்போது முறிவாக மாறிவிடும். மெதுவாக வளையும் கோலுக்கு இன்னொரு பயனும் உண்டு: வட்ட முள்ளை (முனை உள்நோக்கி வளைந்த முள்) பயன்படுத்தும்போது வெட்டி இழுக்கக் கூடாது, நரம்பு படிப்படியாக இறுகினால் முள் வாயோரத்தில் தானே தைத்துக்கொள்ளும், அந்த வேலையைக் கோலின் வளைவே செய்துவிடுகிறது.

கோலில் நரம்பு ஓடும் வளையங்களில் உருளை வைத்தவை வேண்டாம், பின்னல் நரம்பு உருளையின் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். சாதாரண பீங்கான் வளையங்கள் போதும். அடிமுனையில் குறுக்கு வெட்டு உள்ள உலோகத் தொப்பி இருந்தால், தாங்கியின் குறுக்குக் கம்பியில் அமர்ந்து கோல் சுழலாமல் நிற்கும்.

கடையிலேயே சோதித்துப் பாருங்கள். ரீலைப் பொருத்தி, நரம்பை எல்லா வளையங்களிலும் கோத்து, நான்கு கிலோ எடையில் கட்டி மெதுவாகத் தூக்குங்கள். 13 அல்லது 14 கிலோ நரம்புக்கு ரீலின் ட்ராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை இறுக்கத்தோடு விட்டுக்கொடுக்கும் பிடிப்பு) நரம்பின் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வைப்பதே வழக்கம் என்பதால், கடலில் கோல் தாங்கப்போகும் சுமையும் ஏறக்குறைய இதுதான். நுனி முதலில் வணங்கி, வளைவு நடுப்பகுதிவரை இறங்கி, கைப்பிடிக்கு மேலே நிற்க வேண்டும். ரீலும் வளையங்களும் கோலின் மேல்பக்கம் அமரும் வகையானால், வளைந்த நிலையில் நரம்பு எங்காவது கோலை உரசுகிறதா என்றும் பாருங்கள். உரசினால் வளையங்கள் போதவில்லை என்று பொருள், வேறு கோலைக் கேளுங்கள்.